இடுப்பு வலியோடு வந்திறங்கியவர்களுக்கு: எந்த எம்.ஆர்.ஐ. என்று கேளுங்கள்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் இடுப்பு வலித்தால் பெட்டி தூக்கினது, புது மெத்தை, குளிர் என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். அதோடு விட்டுவிடாதீர்கள். காலையில் குனிந்து சாக்ஸ் மாட்ட முடியாமல் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்துக் கிடக்கிறதா? பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா? நடமாடினால் குறைந்து, படுத்தால் கூடுகிறதா? 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதம் தாண்டிய வலி இப்படி இருந்தால், அது முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் தாக்கும் அழற்சி நோயாக (ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம்.

குடும்ப மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். கண் சிவந்து வலித்தது, சொரியாசிஸ், குடல் அழற்சி, குடும்பத்தில் யாருக்காவது இதே நோய் எல்லாமே முக்கியம். மொழிபெயர்ப்பாளர் இருந்தால், ‘விறைப்பு’ வேறு, ‘வலி’ வேறு என்று அவருக்கு முதலிலேயே புரியவையுங்கள்.

“ஊரிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, நார்மல்” என்று பலர் சொல்வார்கள். எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். டிஸ்க் பார்க்க எடுக்கும் ஸ்கேனில் சாக்ரோஇலியாக் மூட்டு சரியாக விழாது. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் அந்த மூட்டில்தான் இந்த நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. அதற்கென்று, திருவெலும்பின் சாய்வை ஒட்டி எடுக்கும் படங்கள் வேண்டும். ‘ஸ்டிர்’ என்ற முறையில் கொழுப்பு கறுத்துப்போய், அழற்சியால் எலும்பு மஜ்ஜையில் கோத்த நீர் வெள்ளையாகத் தெரியும். ‘டி1’ படத்தில் எலும்பு அரிப்பு தெரியும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். இந்த எம்.ஆர்.ஐ.க்குப் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) ஊசி தேவைப்படாது.

வெள்ளை தெரிந்தாலே நோய் என்று பயப்பட வேண்டாம். பிரசவமான பெண்களுக்கும் நிறைய ஓடுபவர்களுக்கும்கூட அப்படித் தெரியலாம். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. எச்.எல்.ஏ. பி27 (இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு), சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சியைக் காட்டுவது) ரத்தப் பரிசோதனைகளையும் உங்கள் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் மூட்டுவாத நிபுணர். அவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பேஸ்மேக்கரோ உடம்பில் வேறு உலோகமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுப்பது இந்த வலிக்காரர்களுக்குச் சிரமம். முழங்காலுக்கடியில் தலையணை கேளுங்கள், தருவார்கள். இயந்திரம் தடதடவென்று அடிக்கும், காதுக்கு அடைப்பான் உண்டு. கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள். முடியவில்லை என்றால் தயங்காமல் அழுத்துங்கள். முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம், இடுப்பு விறைத்திருக்கும்.

பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகட்டையும் (சிடி) கொண்டுபோங்கள்.