ஃபிளாஷ் தலையை மேலே திருப்புங்கள்

புதிதாக ஸ்பீட்லைட் (கேமராவின் மேல் மாட்டும் தனி ஃபிளாஷ்) வாங்கியவர்கள் முதலில் அதன் தலையை மேலே திருப்பப் பழகுங்கள். முகத்துக்கு நேராக அடித்தால் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிவது போல மின்னும், பின்சுவரில் கறுப்பாக ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். அதே வெளிச்சம் கூரையில் பட்டு இறங்கினால் மெத்தென்று விழும். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும், பச்சைச் சுவரில் அடித்தால் முகமும் பச்சைதான். கல்யாண மண்டபத்தில் கூரை எட்டாத உயரத்தில் இருக்கும், அங்கே பக்கத்தில் இருக்கிற சுவரைப் பிடியுங்கள்.

சரி, அளவுகள். கேமராவை மேனுவலில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) வைத்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸின் திறப்பு எஃப்/4, ஷட்டர் வேகம் 1/125 நொடி என்று தொடங்குங்கள், ஃபிளாஷ் டிடிஎல்லில் (ஃபிளாஷ் வெளிச்சத்தின் அளவைக் கேமராவே கணக்கிடும் முறை) இருக்கட்டும். பின்னணி இருட்டடித்தால் ஷட்டரை 1/60க்கு இறக்கினால் போதும். அறையின் விளக்கு வெளிச்சம் மட்டும் கூடும், ஃபிளாஷின் வெளிச்சம் மாறாது, ஏனென்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு துளிக்குள் அது மின்னி முடிந்துவிடுகிறது.

அப்புறம், விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ் வைத்திருப்பவர்களுக்கு: பல கேமராக்களில் ஷட்டர் 1/200, 1/250ஐத் தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். கேமரா பழுதில்லை, ஷட்டரை இறக்குங்கள்.