கடினநிலையைத் தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாகச வீடியோ ஆட்டங்களுக்குப் புதிதாக வருபவர்கள், ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் முதல் திரையிலேயே இடறுவதை அடிக்கடி பார்க்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

திரும்ப வழியில்லாத நிலையில் தொடங்குவது

2018இல் வெளிவந்த 'காட் ஆஃப் வார்' ஆட்டத்தில் நான்கு கடினநிலைகள் உண்டு. முதல் மூன்றுக்குள் நினைத்தபோது மாறிக்கொள்ளலாம். நான்காவதான 'கிவ் மீ காட் ஆஃப் வார்' நிலையில் நுழைந்துவிட்டால் இறங்க வழி கிடையாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிய ஆட்டம்தான் தொடங்க வேண்டும். ஆட்டமே எச்சரித்தும் வீம்புக்கு அதையே அழுத்துகிறார்கள். இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

என் சித்தி மகன் கோடை விடுமுறையில் அப்படித்தான் தொடங்கினான். "பழைய பாகங்களை எல்லாம் முடித்தவன் நான் அண்ணா" என்றான். பழைய பாகங்களில் கேமரா எட்ட நின்று களம் முழுவதையும் காட்டும். இதிலோ நாயகன் க்ரேடோஸின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. முதுகுப்பக்கம் வரும் எதிரி கண்ணில் படுவதில்லை. அந்த நிலையில் ஓரிரு அடியிலேயே உயிர் போய்விடும். சீக்கிரம் முடிக்காமல் விட்ட எதிரி சண்டையின் நடுவிலேயே பலம் கூடி எழுந்து நிற்பான்.

இதில் பலருக்கும் புரியாத ஒன்று உண்டு: அந்த நிலையில் மிகக் கொடுமையான பகுதி தொடக்கம்தான். கையில் கோடரியும் கேடயமும் மட்டும். கவசம் செய்துதரும் கொல்லன் ப்ராக், நாயகனின் வீட்டு வாசலுக்குத் தேடி வரும் ஓர் அந்நியனோடு நடக்கும் நீண்ட சண்டை முடிந்த பிறகே எதிர்ப்படுகிறான். சிரமத்தைத் தாங்க உதவும் எல்லாமே அதற்குப் பின்னால்தான் கிடைக்கின்றன. தம்பி அந்த வாசலைத் தாண்டவே இல்லை. தந்தையும் மகனும் மலையுச்சிக்குப் போகும் அருமையான கதையில் அவன் பார்த்தது ஒரு காட்டையும் ஒரு வீட்டையும் மட்டும். புதிதாகத் தொடங்கச் சொன்னேன்; அவனுக்கு மனம் வரவில்லை.

சவால்தான் வேண்டுமென்றால் மூன்றாவது நிலையில் தொடங்குங்கள், முடியாதபோது இறங்கிக்கொள்ளலாம். நான்காவதுக்கு ஆசை இருந்தால் ஒருமுறை கதையை முடித்துவிட்டு, 2018 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 'நியூ கேம் ப்ளஸ்' (முடித்த ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆடும் வசதி) வழியாக, ஏற்கெனவே சேர்த்த கவசங்களோடு போங்கள்.

கோப்பைக்காகக் கடினத்தைக் கூட்டுவது

'காட் ஆஃப் வார்' ஆட்டத்தில் கடினநிலைக்கென்று ஒரு கோப்பைகூட (சாதனைக்கு ஆட்டம் தரும் பதக்கம்) கிடையாது.

எதிரியின் தரத்தைப் பார்க்காமல் நிலையைக் குறைப்பது

அதே ஆட்டத்தில் எதிரியின் தலைக்கு மேல் அவன் தரத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கிறது. உயிர்ப்பட்டை ஊதா நிறத்தில் இருந்தால் அவன் உங்களைவிடப் பல படி மேலே இருக்கிறான் என்று பொருள். கடினநிலையில் கை வைக்க வேண்டாம். வேறு பக்கம் போய்க் கவசத்தை மேம்படுத்திக்கொண்டு பிறகு வாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே அளவில் வைப்பது

'ஷேடோ ஆஃப் த டோம்ப் ரைடர்' ஆட்டத்தில் சண்டை, தேடல், புதிர் மூன்றுக்கும் தனித்தனி நிலை உண்டு. சண்டையில் கை வேகம் போதாதவர்கள் அதை மட்டும் இறக்கிவிட்டுப் புதிரைக் கடினமாகவே வைத்துக்கொள்ளலாம். 2020இல் வந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' இன்னும் ஒரு படி மேல்: எதிரிகள், கூட வருபவர்கள், மறைந்து செல்வது, கிடைக்கும் பொருள்கள் என்று பிரித்துப் பிரித்துத் தருகிறது. தோட்டா கிடைக்காமல் திண்டாடுபவர் பொருள்களின் அளவை மட்டும் தளர்த்தினால் போதும். எதிரிகள் அதே கூர்மையோடு இருப்பார்கள்.

எளிய நிலைக்கு வெட்கப்படுவது

வேண்டாம். கதைக்காக வந்தவர் கதை நிலையிலேயே ஆடலாம்.