நியூயார்க் நகர அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

நியூயார்க் நகரின் ஐந்து பகுதிகளில் எதில் குடியிருந்தாலும், 10 வயது நிறைந்தவர்கள் ஐடிஎன்ஒய்சி எனப்படும் நகர அடையாள அட்டையைக் கட்டணமின்றிப் பெறலாம். 2015 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் விண்ணப்பதாரரின் குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. ஆகவே, பள்ளி வாசலில் காட்டக்கூட வேறு அட்டை இல்லாத பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால், இதை வைத்து வாகனம் ஓட்டவோ விமானத்தில் ஏறவோ இயலாது.

முதலில் ஆவணங்களைத் திரட்டுங்கள். ஒவ்வோர் ஆவணத்திற்கும் குறிப்பிட்ட புள்ளிகள் உண்டு; மொத்தம் 4 புள்ளிகள் தேவை. அவற்றுள் 3 அடையாளத்திற்கும் 1 குடியிருப்பிற்கும் உரியவை. இயந்திரம் படிக்கக்கூடிய, காலாவதியாகாத வெளிநாட்டுப் பாஸ்போர்ட் ஒன்றே அடையாளத்திற்கான 3 புள்ளிகளையும் தந்துவிடும். பலர் தடுமாறுவது எஞ்சிய ஒரு புள்ளியில்தான். அறையைப் பகிர்ந்து வாழ்பவர்களுக்கு மின்கட்டண ரசீது பெரும்பாலும் வேறொருவர் பெயரில் இருக்கும். அத்தகையோர் தம் பெயரும் வீட்டு முகவரியும் உள்ள, கடந்த 60 நாட்களுக்குள் வந்த வங்கிக் கணக்கு அறிக்கையைக் காட்டலாம். வங்கியில் பழைய முகவரி இருந்தால், அதை மாற்றிப் புதிய அறிக்கை கைக்கு வந்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

தமிழர்கள் பெயரிலும் கவனம் செலுத்த வேண்டும். தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் எழுத்தாகவும் மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயராகவும் இருந்தால், இரண்டும் ஒருவருடையவை என்று காட்டுவது கடினமாகலாம். எனவே, வங்கிக் கணக்கில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முன்கூட்டித் திருத்திக்கொள்வது நல்லது.

பிறகு, இணையத்திலோ நகர அரசின் உதவி எண்ணான 311-ஐ அழைத்தோ பதிவு மையத்தில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். சில மையங்கள் நூலகங்களிலேயே இயங்குகின்றன. நகல்களை நம்பிச் செல்லாமல், மூல ஆவணங்களையும் பூர்த்தி செய்த விண்ணப்பத்தையும் எடுத்துச் செல்லுங்கள். புகைப்படத்தை மையத்திலேயே எடுப்பார்கள்.

எழுந்து வருவதற்கு முன், பதிவான பெயரின் எழுத்துகளையும் வீட்டு இலக்கத்தையும் அலுவலரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அட்டை தபாலில்தான் வரும் என்பதால், வீட்டு அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.