மூன்று ஏ4 அட்டை, ஒரு சிரட்டை, கொஞ்சம் கடுகு: ஃபெரிட்டின் செய்வது எப்படி

கருங்கல் பக்கம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். டிசம்பரில் பிளஸ் டூ பிள்ளை ஒருத்தி தன் அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்தாள். “டீச்சர், ஹீமோகுளோபின் குழப்பமில்லை. ஃபெரிட்டின் மட்டும் குறைவுன்னு இருக்கு. அது என்ன சாதனம்?” இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் குடில் கட்ட வாங்கிய அட்டை மிச்சம் கிடந்தது. செய்தே காட்டிவிட்டேன். நீங்களும் ஒரு மாலைப்பொழுதில் செய்யலாம்.

கனமான ஏ4 அட்டை மூன்று எடுங்கள். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 14.8 சென்டிமீட்டர் நீளம், 10.5 அகலத்தில் பன்னிரண்டு துண்டு வரும். ஒவ்வொரு துண்டிலும் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளியைக் குறித்து, அவற்றை இணைத்து, வெளியே நிற்கும் மூலைகளை வெட்டி எறியுங்கள். கையில் ஒரு சாய்சதுரம் இருக்கும். ஏ4தான் வேண்டும், வேறு அளவு ஆகாது. அதன் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.414, அதாவது ரூட் 2. மூலைவிட்டங்கள் இந்த விகிதத்தில் இருந்தால்தான் பன்னிரண்டும் இடைவெளி இல்லாமல் மூடிக்கொள்ளும். நான் முதல் தடவை பழைய காலண்டர் அட்டையில் வெட்டினேன்; கடைசி நான்கும் பொருந்தவே இல்லை.

ஒட்டுவதற்கு முன் ஒரு வேலை. ஒவ்வொரு சாய்சதுரத்திலும் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டின் நடுவை இணைத்து ஒரு கோடு போடுங்கள். இரண்டு பாதியும் இரண்டு புரதச் சங்கிலிகள். ஒன்று தலை மேலாக, மற்றது தலை கீழாக. பன்னிரண்டு இரண்டு இருபத்துநான்கு. நிஜ ஃபெரிட்டினிலும் சரியாக 24 சங்கிலிதான். ஒவ்வொரு சங்கிலியும் நான்கு நீளச் சுருள்களைக் கட்டிய விறகுக்கட்டு மாதிரி. ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு குட்டிச் சுருள். கோட்டை எல்லா அட்டையிலும் ஒரே சாய்வில் போடுங்கள், கோடு போட்ட பக்கம் வெளியே இருக்கட்டும். ஒன்று கண்ணாடிப் பிம்பமாக மாறினாலும் சமச்சீர் கெட்டுவிடும்.

இனி ஒட்டுவது. நான்கு அட்டைகளின் குறுங்கோணங்களை ஒரு புள்ளியில் சேர்த்து டேப் ஒட்டினால் கூரை மாதிரி வரும். இதுபோல இரண்டு கூரை. மீதி நான்கும் இடுப்பில், விரிகோணம் மேலும் கீழுமாக நிற்க வேண்டும். ஒரே ஒரு அட்டையை மட்டும் கதவாகத் திறந்து வையுங்கள்.

முகத்துக்கு முகம் அளந்தால் 14.8 சென்டிமீட்டர். உண்மையான ஃபெரிட்டின் சுமார் 12 நானோமீட்டர். அதாவது ஏறக்குறைய 1.2 கோடி மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம். இந்தக் கணக்கில் இரும்பு அயனி ஒரு கடுகு! உள்ளே இருக்கும் குழி 8 நானோமீட்டர், நம் மாதிரியில் பத்து சென்டிமீட்டர், அதற்குத்தான் சிரட்டை. நிஜத்தில் அந்தக் குழியில் சுமார் 4500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும்.

மூலைகளைப் பாருங்கள். மூன்று அட்டை சேரும் மூலை எட்டு, நான்கு சேரும் மூலை ஆறு. இரண்டிலும் நுனியை 4, 5 மில்லிமீட்டர் துளை வருமளவு கத்தரியுங்கள். எட்டு வாசலும் இரும்புக்கு: அங்கே ஆஸ்பார்டேட் 131, குளுட்டமேட் 134 (எண், சங்கிலியில் அது நிற்கும் இடம்) என்ற எதிர்மின் அமினோ அமிலங்கள் வரிசையாக நின்று இரும்பை உள்ளே இழுக்கும். ஆறு வாசலில் மனிதருக்கு லியூசின் போன்ற எண்ணெய்ப்பசை அமிலங்கள். மின்னூட்டமுள்ள இரும்புக்கு அந்த வழி பிடிக்காது. எட்டைச் சிவப்பிலும் ஆறைக் கறுப்பிலும் வட்டமிடுங்கள்.

சங்கிலி இரண்டு வகை: எச், எல். கல்லீரலில் எல் அதிகம், இதயத்தில் எச் அதிகம். சில பாதிகளை எச் என்றும் மற்றவற்றை எல் என்றும் குறியுங்கள். எச் பாதிகளின் நடுவில் இரண்டு கடுகை அரை சென்டிமீட்டருக்குள் நெருக்கி ஒட்டுங்கள். குளுட்டமேட் 27, 62, 107, ஹிஸ்டிடின் 65 எல்லாம் சேர்ந்து இரும்பைப் பிடித்து நிறுத்தும் இடம் அது. அங்கேதான் ஆக்சிஜன் வந்து இரண்டு நேர்மின்னூட்டமுள்ள இரும்பை மூன்றாக்குகிறது, அதாவது ஃபெரஸை ஃபெரிக் ஆக்குகிறது. எங்கள் போர்த் தண்ணீர் இறைக்கும்போது கண்ணாடியாக இருக்கும், குடத்தில் விடியும் வரை வைத்தால் அடியில் மஞ்சள் படியும். அதே வேதியியல்தான், இங்கே புரதத்துக்குள் ஒழுங்காக நடக்கிறது. எல் சங்கிலிக்கு இந்த இடம் இல்லை. அதன் உள்சுவரில் உள்ள குளுட்டமேட்கள்தான் துரு படிய ஆரம்பிக்கும் இடம்.

சிரட்டையின் உள்ளே செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் கடுகைப் பதியுங்கள். மணவாளக்குறிச்சிக் கருமணல் வேண்டாம்; அதில் இரும்பு டைட்டானியத்தோடு சேர்ந்த இல்மனைட். ஃபெரிட்டினில் இருப்பது ஃபெரிஹைட்ரைட், துரு நிறம்.

நிஜப் படத்தைப் பார்க்க விரும்பினால் புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளத்தில் 1எஃப்எச்ஏ (1FHA) என்று தேடுங்கள். மனித எச் சங்கிலி, 1991. ஒரே ஒரு சங்கிலி வந்தால் பயப்படாதீர்கள். பயாலஜிக்கல் அசெம்பிளி என்பதைத் தேர்ந்தால் 24ம் வரும். இதைப் படிகமாக்கவே ஒரு தந்திரம் தேவைப்பட்டது. 86ஆவது லைசினை குளுட்டமினாக மாற்றினார்கள். அதன் பிறகுதான் உலோக அயனி இரண்டு கூண்டுகளைக் கோத்துப் பிடித்தது.

செய்து முடித்ததும் அந்தப் பிள்ளை ஒரு கடுகைச் சிவப்பு வாசலில் தள்ளிவிட்டுக் கேட்டாள்: “இனி இதை எப்படி டீச்சர் வெளியே எடுக்குறது?” செல் பெரும்பாலும் கூண்டையே லைசோசோம் என்ற தன் செரிமானப் பைக்குக் கொண்டுபோய் உடைத்துத்தான் எடுக்கிறது என்று சொல்லி, கத்தரியை நீட்டினேன். அவள் வெட்ட விடவில்லை. இப்போது அது அவர்கள் வீட்டு வராந்தாவில், கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கிய கொக்கியில் தொங்குகிறது.