ஒப்பந்தத் தொகை கைக்கு வந்த வழி

நான் இருப்பது டெக்சாஸில். எங்கள் தெரு மழைநீர் வடிகாலுக்கு நகராட்சி போட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டேன். மொத்தத் தொகை வணிக ரகசியம் என்று சொல்லி, மாநில அட்டர்னி ஜெனரலின் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) முடிவைக் கேட்டு எழுதிவிட்டார்கள்.

இங்கே பெரும்பாலும் அலுவலகம் தானாக மறுக்க முடியாது. 10 வேலை நாட்களுக்குள் அட்டர்னி ஜெனரலிடம் கேட்க வேண்டும்; தவறினால் ஆவணம் மக்கள் பார்க்கக்கூடியது என்றே மாநிலப் பொதுத் தகவல் சட்டம் கொள்ளும். என் விஷயத்தில் கெடு தவறவில்லை.

பலர் இந்த இடத்தில் சும்மா காத்திருக்கிறார்கள். அது வேண்டாம். அந்தச் சட்டத்தின் 552.304 பிரிவின்படி யாரும் தம் வாதத்தை அவருக்கு எழுதி அனுப்பலாம், வக்கீல் தேவையில்லை. நான் ஒரே பக்கம் எழுதினேன். 2020 முதல் நடைமுறையில் உள்ள 552.0222 பிரிவு, அரசு தரும் மொத்தத் தொகையை வணிக ரகசியம் என்று மறைக்க விடாது. அதைச் சுட்டி, அதே கேள்விக்கு அவர் அலுவலகம் முன்பு தந்த முடிவுகளின் எண்களையும் சேர்த்தேன். அவை எல்லாம் அவர்கள் இணையதளத்திலேயே தேடக் கிடைக்கின்றன. மக்கள் பணத்தின் கணக்கு இவ்வளவு திறந்திருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

முடிவு சொல்ல 45 வேலை நாள் அவகாசம். அதற்குள் கடிதம் வந்தது: தொகையை வெளியிட வேண்டும். ஒப்பந்தம் மின்னஞ்சலில் முழுதாக வந்தது.