விண்கல மாடலுக்கு வண்ணம் பூசுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் விண்கல மாடல் கிட் கட்டுகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் அருகில் கிடைப்பதில்லை. பெட்டி இணையக் கடையிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வருகிறது. வண்ணம் பூசும் முறையோ ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்ட காணொளிகளிலிருந்து வருகிறது. அந்தக் காணொளிகள் சொல்வது பொய்யன்று. ஆனால் அவை ஒரு குறிப்பிட்ட காற்றில், ஒரு குறிப்பிட்ட அளவுள்ள மாடலுக்காக, ஒரு குறிப்பிட்ட வகை வாகனத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நான் பார்த்தவரையில் இங்கே கெட்டுப்போகும் மாடல்கள் கைத்திறன் குறைவால் கெடுவதைவிட, வேறோர் ஊரின் காற்றையும் வேறொரு வண்டியின் அழுக்கையும் அப்படியே இரவல் வாங்கியதால் கெடுவதே அதிகம்.

மழைக்கு முன்னா, பின்னா?

கறுப்பு அல்லது கருநீல லேக்கர் வகை வண்ணத்தைப் பூசிய சிறிது நேரத்தில் அதன்மேல் சாம்பல் கலந்த வெண்படலம் படர்ந்து பளபளப்பு மறைந்துபோனால், வண்ணம் மட்டமானது என்று பலர் கடைக்காரரைக் குறை சொல்கிறார்கள். குற்றம் புட்டியில் இல்லை. லேக்கரில் உள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பூசிய பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி நீராக மாறும் பனிநிலைக்குக் கீழே இறங்கிவிட்டால், அந்த நீர் இன்னும் உலராத வண்ணத்தின்மேல் படிந்து உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் பனிநிலை ஏறக்குறைய 21 டிகிரி. எனவே பரப்பு எட்டு ஒன்பது டிகிரி குளிர்ந்தால்தான் படலம் உண்டாகும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 80 விழுக்காடாகிவிட்டால் பனிநிலை 26 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. நான்கு டிகிரி குளிர்ந்தாலே போதும், வண்ணம் வெளுத்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டால் எப்போது பூசக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, வண்ணத்தைக் காற்றால் தூவும் ஏர்பிரஷைக் கையில் எடுப்பதுதான் பலருக்கும் வழக்கம். வெப்பம் குறையக் குறைய ஈரப்பதம் ஏறும் என்பதால் லேக்கர் பூசுவதற்கு இரவைவிட மோசமான வேளை இல்லை. மாலை மழை விட்ட உடனேயும் அப்படித்தான். வெயில் நன்றாக ஏறிய முற்பகலிலிருந்து மேகம் கறுக்கும் வரை உள்ள நேரமே நமக்குரியது. மேற்குக் கரையில் மழை மிகும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அந்த நேரம் இன்னும் சுருங்கிவிடும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டால் ஊகத்துக்கு இடமிருக்காது. வேறு வழியின்றி ஈர நாளில் பூச நேர்ந்தால், உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரை (வண்ணத்தை நீர்க்கவைக்கும் கரைப்பானை)ப் பயன்படுத்தி, மெல்லிய பூச்சுகளாக இடைவெளி விட்டுப் பூச வேண்டும். மெதுவாக ஆவியாகும் கரைப்பான் பரப்பை அவ்வளவு குளிர்விக்காது. ஏற்கெனவே வெளுத்துவிட்ட பாகத்தையும் உடனே எறிந்துவிட வேண்டாம். உலர்ந்த வெயில் வேளையில் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மிக இலேசாகத் தூவினால் மேற்பூச்சு மீண்டும் இளகி, சிக்கிய நீர் வெளியேறிப் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஈரத்துக்குப் பயந்து எல்லாக் கதவுகளையும் அடைத்துக் குளிர்சாதன அறையில் பூசுவது அடுத்த தவறு. குளிர்சாதனம் ஈரத்தை இறக்கும் என்பது உண்மைதான். ஆனால் கரைப்பான் ஆவி அந்த அறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மருந்துக் கடையில் விற்கும் முகக்கவசம் தூசியைத் தடுக்குமே அன்றி ஆவியைத் தடுக்காது; கரைப்பான் ஆவிக்குரிய வடிகட்டி பொருத்திய கவசமும் காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும். லயத்து வீடுகளில் சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு பலகைத் தடுப்புதான் இருக்கும். சாமி விளக்கோ கேஸ் அடுப்போ எரிந்துகொண்டிருக்கும்போது லேக்கரைத் தூவவே கூடாது.

ஏர்பிரஷுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரக் காற்றை அழுத்திக் குளிரவிட்டால் அதிலுள்ள நீராவி தண்ணீராகும். அது குழாய்வழியே வந்து, வெள்ளை இறக்கையின் நடுவில் துளியாகத் துப்பும். நீர்பிடிப்பானை ஏர்பிரஷுக்கு அருகிலேயே பொருத்துவதும், வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதும் இங்கே விருப்பத்துக்கு விட்ட காரியங்கள் அல்ல. ஸ்பிரே டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லும் அறிவுரை குளிர்நாட்டுக்காரர்களுக்கு உரியது. நம் ஊரில் வெயிலில் நிறுத்திய காருக்குள் டப்பாவை விட்டுவிடாமல் இருந்தாலே போதும்.

ஹார்ட்வேர் கடைத் தின்னர்

மாடலுக்கென்றே விற்கும் தின்னரின் விலையைப் பார்த்துவிட்டு, கார் பட்டறைக்காரர்கள் வாங்கும் தகர டப்பாத் தின்னரை ஹார்ட்வேர் கடையில் வாங்குவது தோட்டப் பட்டணங்களில் மிகச் சாதாரணம். அது உலோகத்துக்கானது. விண்கல மாடல்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கையே இளக்கி, தகடுகளின் இணைப்பைக் காட்டும் மயிரிழை போன்ற பேனல் கோடுகளை மழுக்கிவிடும். ஏர்பிரஷைக் கழற்றி அதன் உலோக பாகங்களைக் கழுவ அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வண்ணத்தோடு கலக்கக் கூடாது.

இதைவிட நயவஞ்சகமானது, எனாமல் என்னும் எண்ணெய் வகை வண்ணத்துக்குரிய தின்னர். பேனல் கோடுகளுக்குள் கறுப்போ பழுப்போ ஓடவிடும் நீர்த்த மை வகைகளில் பல எனாமல் சார்ந்தவை. அவை கோட்டின்வழியே தானாக ஓடும் அழகில் மயங்கி, வண்ணம் பூசாத வெறும் பிளாஸ்டிக்கின்மேல் நிறைய விடுகிறோம். பசையின்றி அழுத்திப் பொருத்தும் கிட்டுகளில் ஒவ்வொரு முளையும் துளைக்குள் இறுக்கமாக, விசைக்கு உட்பட்டு நிற்கிறது. எனாமல் தின்னர் அந்த இடுக்குக்குள் ஊர்ந்துபோய்ச் சேர்ந்தால், இறுக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் விரிசல் விட்டுத் தெறித்துவிடும். ஏபிஎஸ் என்னும் வேறுவகைப் பிளாஸ்டிக்கால் ஆன பாகங்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். முதலில் லேக்கர் அல்லது அக்ரிலிக் பளபளப்புப் பூச்சு ஒன்றைக் கொடுத்து நன்றாக உலரவிட வேண்டும். பிறகு மையை நுனித்தூரிகையால் தொட்டுவிட வேண்டும். மிஞ்சியதைத் துடைக்கும் பஞ்சுக்குச்சியில் தின்னரின் ஈரம் மட்டுமே இருக்க வேண்டும். பூச்சுகளின் வரிசையும் இதோடு சேர்ந்ததே: லேக்கர் அடியில், எனாமல் மேலே. உலர்ந்த எனாமலின்மேல் லேக்கரைக் கனமாகப் பூசினால் அடிப்பூச்சு சுருங்கிக் கிழிந்துவிடும்.

பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுவது, இணைப்புத் தடத்தை மண்தாள் கொண்டு தேய்ப்பது, பிரைமர் எனப்படும் சாம்பல் நிற அடிப்பூச்சைப் பூசிக் குறைகளைத் தேடுவது ஆகியவற்றை எல்லாரும் சொல்கிறார்கள், சொல்வது சரியே.

ஒரு கோட்டின் அகலம் எத்தனை மீட்டர்?

கோட்டின் அகலம் மாடலின் அளவுக்குப் பொருந்துகிறதா என்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் மாடலை விளையாட்டுப் பொருளாகக் காட்டிவிடுவது பெரும்பாலும் இதுதான். மேசைமேல் நாம் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1/72 அளவிலுள்ள, அதாவது உண்மைக் கலத்தைவிட 72 மடங்கு சிறிதான, சிறு போர்க்கலத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி, நம்பக்கூடியது. 1/1000 அளவில் அதே கோடு 20 சென்டிமீட்டர். 1/5000 அளவில் அது ஒரு மீட்டர். ஒரு பிள்ளை உள்ளே விழுந்துவிடலாம். அதாவது கலம் எவ்வளவு பெரியதோ, மாடலின்மேல் கோடு அவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும். நாமோ பெரிய கலம் என்றாலே கோடுகளைக் கூடுதலாகக் கறுப்பாக்குகிறோம். பெரிய கலங்களில் தூய கறுப்பை ஒதுக்கிவிட்டு, அடிநிறத்தைவிடச் சிறிதே ஆழ்ந்த சாம்பலைப் பயன்படுத்துவது நல்லது. அடுத்தடுத்த தகடுகளின் நிறத்தை மிக இலேசாக மாற்றிக் காட்டினால் கோட்டின் வேலையில் பாதி குறைந்துவிடும். கைநீட்டும் தொலைவில் தெரியாமல், அருகில் குனிந்தால் மட்டும் தெரியும் அளவே சரியான அளவு.

இந்தத் தவறு தொடக்கநிலையினருக்கு மட்டும் உரியதன்று. ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடருக்காக 1964-இல் செய்யப்பட்ட, 11 அடி நீளமுள்ள என்டர்பிரைஸ் மாடல் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வட்டத் தட்டின்மேல் மூலத்தில் இருந்தவை பென்சிலால் இழுத்த மெல்லிய கோடுகள். 1990-களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் தட்டின் மேற்பகுதியைத் தவிர்த்த மற்ற இடங்களில் கோடுகளும் அழுக்கும் மிக அழுத்தமாகப் பூசப்பட்டுவிட்டதாக ரசிகர்கள் நெடுங்காலம் குறைபட்டார்கள். 2016-இல் நிறைவுற்ற மறுசீரமைப்பு அதை மீண்டும் பழைய அடக்கமான தோற்றத்துக்குக் கொண்டுவந்தது.

செம்பனை லோரியின் அழுக்கு

நம் ஊரில் பழமையேறிய பரப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆணித்துளைகளிலிருந்து துரு வழிந்த தகரக் கூரைகள், சக்கரத்துக்கு மேலே செம்மண் தெறித்த செம்பனைக் குலை லோரிகள், கைவிடப்பட்ட ரப்பர் புகைவீட்டின் கரியேறிய சுவர்கள் என்று கண்ணுக்கு நல்ல பாடங்கள் நிறைய உண்டு. மாடலைப் பழமையேறியதாகக் காட்டும் வெதரிங் முறையைக் கற்க இவை சிறந்த மாதிரிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பார்ப்பது ஒன்று, படியெடுப்பது வேறு. விண்வெளியில் பிறந்து, விண்வெளியிலேயே பறந்து, எந்தக் கோளிலும் இறங்காத பெருங்கலத்தின் பக்கங்களில் மேலிருந்து கீழாகத் துரு வழிவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். வழிவதற்கு மழையும் ஈர்ப்பும் வேண்டும். வெற்றிடத்தில் இவை எங்கிருந்து வரும்?

எனவே தூரிகையைத் தொடும் முன் அந்தக் கலத்தின் வாழ்க்கையைக் கேட்டுக்கொள்வது நலம். காற்றுமண்டலத்துக்குள் புகுந்து தரையிறங்கும் கலமா? அப்படியானால் கறைகள் மூக்கிலிருந்து வாலை நோக்கி ஓடும். ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தின் வெள்ளை ஓடுகளில், பலமுறை பறந்த பிறகு, காற்று ஓடிய திசையிலேயே சாம்பல் நிறக் கீற்றுகள் படிந்திருந்ததைப் புகைப்படங்களில் காணலாம். பாலைவனக் கோளில் நிறுத்தப்படும் சரக்குக் கலமா? அதற்குத் தரையிறங்கும் கால்களிலும் அடிவயிற்றிலும் புழுதி தகும். லோரியின் செம்மண் அங்கே உதவும். விண்வெளியை விட்டு இறங்காத கலமென்றால் எஞ்சுவது கொஞ்சமே: உந்துபொறியின் வாயைச் சுற்றி வெப்பத்தால் நிறம் மாறிய உலோகம், சிறு விண்கற்கள் பொறித்த நுண்ணிய புள்ளிகள், மாற்றிப் பொருத்தப்பட்ட தகடுகளின் சற்றே வேறுபட்ட நிறம், எரிபொருள் நிரப்பும் வாயருகே ஒரு கறை. வண்ணம் உதிர்ந்ததாகக் காட்டும் வெள்ளிப் பொட்டுகளுக்கும் முன்பு பார்த்த கணக்கே பொருந்தும். 1/144 அளவில் ஒரு மில்லிமீட்டர் பொட்டு பதினான்கு சென்டிமீட்டர் காயம். கடற்பாசித் துண்டில் வண்ணத்தைத் தொட்டு, தாளில் ஒற்றி எடுத்து, ஏறக்குறைய உலர்ந்துவிட்ட நிலையில் விளிம்புகளில் மட்டும் தட்ட வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் ஒரு நாள் விட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபக்கத்தைத் தொடங்கினால் மிகைப்படுத்துவது பாதியாகக் குறையும்.

மற்றவை

டெக்கல்களை, அதாவது நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்களை, மங்கலான மேட் பரப்பின்மேல் ஒட்டினால் நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கி, ஓரங்கள் வெள்ளியாக மினுங்கும். பளபளப்புப் பூச்சின்மேல் ஒட்டி, இளக்கும் திரவம் தடவி, முழுதும் உலர்ந்த பிறகே மேட் பூச வேண்டும். பயன்படுத்தாத டெக்கல் தாள்கள் நம் ஈரத்தில் எளிதில் கெட்டுவிடும்; ஜிப் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டுவைக்கலாம். மாஸ்கிங் டேப்பைத் தகரக் கூரைக்கடியில் உள்ள அறையில் நாள்கணக்கில் மாடலிலேயே விட்டுவைத்தால் அதன் பசை வண்ணத்தோடு ஒட்டிப்போகும். பூச்சு தொடுகைக்கு உலர்ந்ததும் உரித்துவிட வேண்டும்.

விளக்கு பொருத்துகிறவர்கள் கலத்தின் உட்புறத்துக்கு முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் பூச மறந்தால், எல்இடி எரியும்போது சன்னல்கள் மட்டுமன்றிக் கலம் முழுவதுமே ஒளிரும். கலத்தை ஒட்டி மூடிய பிறகு இதைத் திருத்த வழியில்லை. யூஎஸ்பி மின்சாரத்தின் 5 வோல்ட்டை எல்இடிக்கு நேராகக் கொடுக்கவும் கூடாது. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட் போதும், மிச்சமுள்ள 2 வோல்ட்டை ஏற்க 100 ஓம் மின்தடை ஒன்று வைத்தால் மின்னோட்டம் 20 மில்லிஆம்பியரில் நிற்கும்.

விமானி அறையின் கண்ணாடி மூடியை சூப்பர் குளூ கொண்டு ஒட்டுவதும் ஒரு தவறே. அந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் வெண்மையாகப் படிந்தால், மூடியைப் பெயர்த்தெடுக்காமல் துடைக்க முடியாது. நீரில் கரையும் வெள்ளைப் பசையே அங்கே போதும். பிசகினாலும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம்.