குவாசுலு-நட்டால் பயணம்: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் ஒன்பது மாகாணங்களுள் முதல் பயணத்துக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் குவாசுலு-நட்டால். 3,000 மீட்டருக்கு மேல் எழும் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர், காண்டாமிருகங்களுக்குப் பேர்போன காடு, வெதுவெதுப்பான இந்தியப் பெருங்கடல் கரை ஆகிய மூன்றும் இங்கே சில மணி நேரக் கார்ப் பயணத்தில் எட்டும் தொலைவில் உள்ளன. ஆனால் இந்த மூன்று நிலங்களுக்கும் தனித்தனி நேரக் கணக்கு உண்டு. கோடையில் மலை முற்பகலோடு மூடிக்கொள்கிறது. காடு விடியலிலும் மாலையிலும் மட்டுமே விழித்திருக்கிறது. பவளப்பாறைக் கரை கடல் வற்றும் வேளையில்தான் தன்னைக் காட்டுகிறது. எந்த இடத்துக்குப் போவது என்பதைவிட எந்த வேளையில் அங்கே இருப்பது என்பதைத் திட்டமிடுவதே முக்கியம் என்பதால், கீழுள்ள படிகளை அந்த முறையிலேயே அமைத்திருக்கிறேன். மொத்தம் 10 நாட்கள் இருந்தால் நிதானமாகச் சுற்றலாம்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தென்னாப்பிரிக்கா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், அங்கே டிசம்பரும் ஜனவரியும் கோடைக்காலம், ஜூனும் ஜூலையும் குளிர்காலம். இந்த மாகாணத்தில் மழை பெய்வது பெரும்பாலும் கோடையில்தான். மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும். புல் காய்ந்து தாழ்ந்துவிடுவதால் விலங்குகளைக் காண்பது எளிது. மலேரியா அபாயமும் குறைவு. மலையில் இரவில் உறைபனி விழும், சில நாட்களில் பனியும் பொழியும் என்றாலும் டர்பன் கடற்கரையில் பகற்பொழுது இதமாகவே இருக்கும்.

கடல் ஆமைகள் கரையேறி முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் நவம்பர் தொடங்கிக் கோடைக்காலத்தில் செல்ல வேண்டும். கூன்முதுகுத் திமிங்கிலங்களை ஜூன் முதல் நவம்பர் வரை காணலாம். இரண்டிலும் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு என் தேர்வு ஆகஸ்ட் அல்லது செப்டம்பர்.

படி 2: ஆவணங்களும் வண்டியும்

விசாவுக்குப் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். கடவுச்சீட்டில் இரண்டு வெற்றுப் பக்கங்களாவது இருக்க வேண்டும். குழந்தைகளுடன் செல்பவர்கள் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. மாகாணத்தின் வடகோடியில் மலேரியா வரும் வாய்ப்பு இருப்பதால், எந்த ஊர்களில் தங்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி மருத்துவரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறுங்கள்.

ஜொகன்னஸ்பர்க்கில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேர உள்நாட்டு விமானத்தில் டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்துக்குச் செல்வது வழக்கமான வழி. வாடகைக் காரை விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் பழக்கம் மாறுவதில்லை. ஓட்டுநர் உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வைத்திருங்கள். இந்தத் திட்டத்தில் உள்ள முக்கிய இடங்களுக்குச் சாதாரணக் கார் போதும்.

பெட்ரோல் நிலையங்களில் ஊழியர்களே எரிபொருள் நிரப்பிக் கண்ணாடியையும் துடைத்துத் தருவார்கள், அவர்களுக்குச் சில ராண்ட் (அந்நாட்டு நாணயம்) அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். இருட்டிய பிறகு நெடுந்தொலைவு ஓட்ட வேண்டாம். ஊர்ப்புறச் சாலைகளில் மாடுகளும் ஆடுகளும் நடந்து செல்பவர்களும் விளக்கில்லாத இடங்களில் திடீரென எதிர்ப்படுவார்கள். காரில் எந்தப் பொருளும் வெளியே தெரியும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள். நம் வீடுகளில் ஏசிக்குப் பயன்படும் பெரிய மூன்று உருளைமுனைப் பிளக் அங்கே பொது வழக்கு. அந்த வகை அடாப்டர் ஒன்று எடுத்துச் சென்றால் போதும்.

படி 3: வழித்தடத்தை வரையுங்கள்

தங்குமிடங்களை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: மலையில் மூன்று இரவு, டர்பனில் இரண்டு இரவு, வடக்கே செயின்ட் லூசியாவில் நான்கு இரவு. மலைக்கு என்3 நெடுஞ்சாலை, வடக்கே செல்ல என்2 நெடுஞ்சாலை. விமான நிலையம் டர்பனுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் என்2 சாலையை ஒட்டியே இருப்பதால், வடபகுதியைக் கடைசியாக வைத்தால் திரும்பும் நாளில் நகர நெரிசலுக்குள் நுழையாமலே விமானம் ஏறலாம்.

மலைக்குப் போகும் வழியில் இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்தலாம். ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்புச் சீட்டு இருந்தும் காந்தி இறக்கிவிடப்பட்ட இடம் அது. மற்றொன்று ஹோவிக் ஊருக்கு அருகில், 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைது செய்யப்பட்ட சாலையோரம். அங்கே 50 எஃகுத் தூண்கள் நடப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட தொலைவில் நின்று பார்க்கும்போது மட்டும் அவை ஒன்றுசேர்ந்து அவருடைய முகமாகத் தெரிகின்றன.

படி 4: டிராக்கன்ஸ்பெர்க் மலை

புதியவர்கள் வடக்கு டிராக்கன்ஸ்பெர்க்கில் உள்ள ராயல் நட்டால் தேசியப் பூங்காவின் அருகில் தங்குவது சிறந்தது. ஆம்பிதியேட்டர் என்று அழைக்கப்படும் பாறைச் சுவர் சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்பதும், அதன் உச்சியிலிருந்து 948 மீட்டர் உயரத்துக்குப் படிப்படியாக விழும் துகேலா அருவியும் இங்கேதான். உலகின் மிக உயரமான அருவிகளின் வரிசையில் இதற்கு முன்னணி இடம் உண்டு. குளிர்காலத்தில் நீர் மெலிந்து வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். அதன் முழு வேகத்தைக் காண விரும்புபவர்கள் கோடை மழையைத் தொடர்ந்து வர வேண்டும்.

முதல் நாள் மலையேற்றத்துக்குத் துகேலா பள்ளத்தாக்குப் பாதையையே நான் சொல்வேன். போய்த்திரும்ப ஏறத்தாழ 14 கிலோமீட்டர்; நிதானமாக நடந்தால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். பாதையின் பெரும்பகுதி செங்குத்தாக ஏறாமல் மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து செல்கிறது. திறந்த புல்வெளியில் கொஞ்ச தூரம், நிழலும் ஈரமும் நிறைந்த மரக்கூட்டத்துக்குள் கொஞ்ச தூரம் என்று மாறி மாறி நடந்த பின், பாதை ஆற்றுப்படுகையின் பெரும்பாறைகளுக்கு இடையே இறங்கிவிடும். கடைசியில் நீர் குடைந்த குறுகிய பாறைச் சந்து ஒன்று வரும். நீர் குறைவாக இருந்தால் அதற்குள் நடக்கலாம், இல்லாவிட்டால் பக்கத்துப் பாறையில் பொருத்தியுள்ள சங்கிலி ஏணியில் ஏறிக் கடக்கலாம். ஏணி அச்சமூட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மலைச் சுவரின் காட்சி அந்த இடத்திலேயே நிறைவாகக் கிடைத்துவிடும்.

நடக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பூங்காவின் மலையேற்றப் பதிவேட்டில் பெயர், செல்லும் பாதை, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். யாராவது திரும்பாவிட்டால் மீட்புக்குழு தேடத் தொடங்குவது அந்தக் குறிப்பை வைத்துத்தான். கோடையில் பிற்பகல் தோறும் இடிமேகம் திரளக்கூடும் என்பதால், காலை 6 மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மின்னல் வெட்டும்போது முகட்டிலும் தனி மரத்தடியிலும் நிற்கக் கூடாது. வெயில் அடித்தாலும் மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையும் பையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாளை, இப்பகுதியின் தொல்குடி வேட்டைச் சமூகமான சான் மக்களின் பாறை ஓவியங்களுக்கு ஒதுக்குங்கள். மத்திய டிராக்கன்ஸ்பெர்க்கில் ஜயன்ட்ஸ் காஸில் முகாமிலிருந்து சிறிது தூரம் நடந்தால் வரும் குகைகளில் வழிகாட்டியுடன் அவற்றைப் பார்க்கலாம். ஈலண்ட் என்னும் பெரிய மானின் உடலில் சிவப்பு மெல்ல வெளுத்து வெள்ளையாகும் விதத்தைக் கவனியுங்கள். கழுத்தின் தசை மடிப்புகூட அந்த நிறமாற்றத்திலேயே தெரியும். இந்த ஓவியங்களும் மலையின் இயற்கையும் சேர்ந்துதான் 2000 இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம் பெற்றன. ஓவியங்களைத் தொடுவதும், நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று நீர் தெளிப்பதும் அவற்றை அழித்துவிடும்.

படி 5: டர்பன்

மலையிலிருந்து இறங்கும் கால்களுக்கு இரண்டு நாள் கடற்கரை ஓய்வு தேவைப்படும். கோல்டன் மைல் கடற்கரை நடைபாதை காலையில் நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் ஏற்றது. சுறாக்களின் நடமாட்டம் உள்ள கடல் என்பதால் முக்கியமான குளியல் கரைகளுக்கு வலைகள் போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகள் உண்டு. உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் குளியுங்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டப்பட்ட மோசஸ் மபிடா அரங்கின் 106 மீட்டர் உயர வளைவு நகரின் பல பகுதிகளிலிருந்தும் தெரியும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நகரில் தனியொரு பிணைப்பு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அவர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்து வேரூன்றிய சமூகத்தின் கோயில்களுள் உம்கேனி சாலையில் உள்ள ஸ்ரீ வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயத்தை அவசியம் பாருங்கள். அந்தச் சமூகம் இந்நகருக்குத் தந்த உணவு பன்னி சோ. ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த துண்டை மேலே வைத்துத் தருவார்கள். கையால் ரொட்டியின் ஓரத்திலிருந்து பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். முதன்முறை கால் ரொட்டி போதும். சைவ உணவு உண்பவர்களுக்குப் பீன்ஸ் குழம்பு ஊற்றியது கிடைக்கும்.

படி 6: ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி காடு

டர்பனிலிருந்து என்2 வழியாகச் செயின்ட் லூசியாவுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கே தங்கிக்கொண்டால் இந்தக் காட்டின் நியலாசி வாயிலை ஒரு மணி நேரத்தில் அடையலாம். 1895 இல் அறிவிக்கப்பட்டு, சுமார் 960 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் இந்தக் காடு ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களுள் ஒன்று. தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் வேட்டையால் அழிந்து, எஞ்சிய சிறு கூட்டம் இம்ஃபோலோசியில் மட்டுமே பிழைத்திருந்தது. அதன் வழிவந்தவற்றை 1960களில் காட்டுயிர்ப் பாதுகாவலர் இயன் பிளேயரும் அவருடைய குழுவினரும் பிற காடுகளுக்கு அனுப்பி அந்த இனத்தையே மீட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் காட்டுக்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும் என்பேன். இரண்டு நாள் கொடுத்தாலும் தகும்.

வாயில் திறக்கும் நேரத்தில் அங்கே நில்லுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 5 மணி, மற்ற மாதங்களில் 6 மணி. வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர். அதில் பாதி வேகத்தில் போனால்தான் எதுவும் கண்ணில் படும். சாலையிலேயே பார்வையை நிறுத்தாமல், புதருக்கு அடியில் உள்ள நிழலைப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு அகன்ற, தட்டையான உதடு. அது தலையைத் தாழ்த்திப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். கறுப்புக் காண்டாமிருகத்தின் உதடு கூரானது. அது புதர் இலைகளைப் பறித்துத் தின்னும். குட்டியுடன் நடந்தால் அடையாளம் இன்னும் எளிது: வெள்ளையின் குட்டி தாய்க்கு முன்னே ஓடும், கறுப்பின் குட்டி தாய்க்குப் பின்னே வரும். கொம்பில்லாத காண்டாமிருகங்களைக் கண்டு திகைக்க வேண்டாம். கள்ள வேட்டையைத் தடுப்பதற்காக 2024 முதல் இங்கே நிர்வாகமே பாதுகாப்பாகக் கொம்பை வெட்டிவிடுகிறது. அதே காரணத்தால், நீங்கள் எடுக்கும் காண்டாமிருகப் படங்களை இடக் குறிப்புடன் சமூக ஊடகங்களில் பகிரவே கூடாது.

யானை சாலையில் நின்றால் இன்ஜினை அணைக்காமல், தொலைவிலேயே காத்திருங்கள். அது முன்னோக்கி வந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரிலிருந்து இறங்கக் கூடாது. நடுப்பகலில் விலங்குகள் நிழலுக்குப் போய்விடும் என்பதால் அந்த நேரத்தை உணவுக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் மீண்டும் சுற்றத் தொடங்கலாம். ஆயுதம் தாங்கிய வழிகாட்டியுடன் காட்டுக்குள் நடக்கும் ஏற்பாடும் இருக்கிறது, முன்பதிவு தேவை.

படி 7: செயின்ட் லூசியாவும் இசிமங்கலிசோவும்

இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்கா 1999 இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சேர்ந்த செயின்ட் லூசியா கழிமுகத்தில் இரண்டு மணி நேரப் படகுச் சவாரி பிற்பகலில் செல்வது நல்லது. கூட்டமாகக் கிடக்கும் நீர்யானைகளையும் சேற்றுக்கரையில் வாய்பிளந்து படுத்திருக்கும் முதலைகளையும் மிக அருகில் காணலாம். கழிமுகத்து நீரில் கால் நனைக்கவும் கூடாது. இருட்டியதும் நீர்யானைகள் புல் மேய்வதற்காக ஊருக்குள்ளேயே நடந்து வருவதால், இரவு உணவுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போவதானாலும் காரிலேயே செல்லுங்கள்.

மறுநாள் கேப் விடால் கடற்கரைக்குச் செல்லலாம். ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் வற்றும் நேரத்துக்குச் சற்று முன்பே கரையில் இருந்தால் பாறைகளுக்கு இடையே நீச்சல் முகமூடி அணிந்து மீன்களைப் பார்க்கலாம். நவம்பர் தொடங்கிக் கோடை முழுவதும், உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இரவில் ஏழுவரி ஆமைகளும் பெருந்தலை ஆமைகளும் கரையேறும் இடங்களுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அங்கே டார்ச் அடிப்பதையும் ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

படி 8: கூடுதல் நாட்கள் கிடைத்தால்

ஸ்கூபா உரிமம் உள்ளவர்கள் வடக்கே சோட்வானா வளைகுடாவுக்குச் செல்லலாம். மணற்சாலை மிகுந்த பகுதி என்பதால், விடுதி வரை சாதாரணக் கார் போகுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். சாகசம் விரும்புபவர்களுக்குத் தெற்கே போர்ட் ஷெப்ஸ்டன் அருகில் ஒரிபி பள்ளத்தாக்கு இருக்கிறது. டிராக்கன்ஸ்பெர்க் மலையில் ஏறும் சானி கணவாய்க்கு நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். 2,876 மீட்டர் உயரத்தில் உள்ள அதன் உச்சி லெசோத்தோ நாட்டுக்குள் அமைந்திருப்பதால், அந்நாட்டின் நுழைவு விதிகளையும் உங்கள் தென்னாப்பிரிக்க விசா மறுபடி நுழைய இடந்தருகிறதா என்பதையும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊர் திரும்பும் நாளில் செயின்ட் லூசியாவிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரமும், பெட்ரோல் நிரப்பிக் காரை ஒப்படைக்க ஒரு மணி நேரமும் கணக்கில் வைத்து, விமானம் பிற்பகலில் அமையுமாறு பதிவு செய்யுங்கள்.